அடி இறக்கத்துக்கு எந்த ஆபரேஷன்? கர்ப்பப்பையை எடுத்தே ஆக வேண்டுமா?

தேவகோட்டையிலிருந்து ஒரு மகள் கேட்டிருக்கிறார். ஆத்தாவுக்கு 66 வயது, நான்கும் சுகப்பிரசவம். அப்பச்சியும் (அப்பா) இருக்கிறார். சர்க்கரை இருக்கிறது, பிரஷருக்கும் மாத்திரை. சில வருடங்களாக அடி இறங்கி, இப்போது கொஞ்ச தூரம் நடந்தாலே கர்ப்பப்பை முழுவதும் வெளியே வந்துவிடுகிறது. சேலையில் உரசிப் புண்ணும் ஆகியிருக்கிறது. ஒரு டாக்டர் கீழ்வழியாகக் கர்ப்பப்பையை எடுத்துவிடலாம் என்கிறார். இன்னொருவர் வயிற்றில் துளை போட்டு, வலை வைத்துத் தூக்கிக் கட்டலாம் என்கிறார். வலையைத் தடை செய்துவிட்டார்கள் என்று எங்கோ படித்து மகள் பயந்திருக்கிறார். "இந்த வயசுல எனக்கு எதுக்குக் கத்தி" என்று ஆத்தா மறுக்கிறாராம். எதைத் தேர்ந்தெடுப்பது, எங்கே போவது?

காரைக்குடி வட்டாரத்தில் நீண்ட காலம் மகளிர் மருத்துவம் பார்த்தவள் என்ற முறையில் விரிவாகவே சொல்கிறேன். உங்கள் ஆத்தாவைப் பரிசோதிக்காமல் இதுதான் ஆபரேஷன் என்று நான் தீர்ப்புச் சொல்ல முடியாது. ஆனால் இரண்டு டாக்டர்களும் என்ன சொன்னார்கள், ஏன் வெவ்வேறாகச் சொன்னார்கள், இன்னும் என்னென்ன வழிகள் இருக்கின்றன என்று புரிந்துகொண்டால் நீங்கள் அடுத்த முறை டாக்டர் முன்னால் உட்காரும்போது பேச்சு வேறு மாதிரி இருக்கும்.

முதலில் ஒன்று தெளிவாக வேண்டும். கர்ப்பப்பை கெட்டுப்போனதால் கீழே வரவில்லை. அதைப் பிடித்திருந்த நார்களும், கீழே தாங்கிக்கொண்டிருந்த தசைகளும் தளர்ந்ததால் வந்திருக்கிறது. வீட்டில் ஊஞ்சல் சங்கிலி தொய்ந்து பலகை தரையில் இடித்தால் பலகையைக் கழற்றிப் போட்டுவிட்டு வேலை முடிந்தது என்று யாரும் சொல்வதில்லை. சங்கிலியைத்தான் சரி செய்வார்கள். அடி இறக்க ஆபரேஷனின் உயிர்நாடியும் அதுதான்: பெண்ணுறுப்புப் பாதையின் உச்சியை, அதாவது மேல்முனையை, மறுபடியும் ஓர் உறுதியான இடத்தில் கட்டுவது. கர்ப்பப்பையை எடுப்பதா வைத்துக்கொள்வதா என்பது அதற்கு அடுத்த கேள்வி. நம் பக்கத்தில் அந்த இரண்டாவது கேள்வியிலேயே பேச்சு முடிந்துவிடுகிறது. "எடுத்தாச்சா?" என்று கேட்பார்கள், "எங்கே கட்டினாங்க?" என்று யாரும் கேட்பதில்லை. கர்ப்பப்பையை எடுத்துவிட்டு உச்சியைக் கட்டாமல் விட்டால், சில வருடங்கள் கழித்து அந்த வெற்றுப் பாதையே உறையைத் திருப்பிப் போட்டது போல வெளியே வந்துவிடும். "கர்ப்பப்பையைத்தான் எடுத்துட்டாங்களே, இப்ப என்ன டாக்டர் வருது?" என்று குழப்பத்தோடு வந்து உட்கார்ந்த ஆச்சிகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

கர்ப்பப்பை மட்டுமே இறங்குவதும் அபூர்வம். பாதையின் முன்சுவர் தளர்ந்தால் சிறுநீர்ப்பை கூடவே புடைத்துக்கொண்டு வரும். பின்சுவர் தளர்ந்தால் மலக்குடல். அதனால்தான் சிலர் கையால் உள்ளே தள்ளிவிட்டுத்தான் சிறுநீர் கழிக்க முடிகிறது என்பார்கள், சிலர் பின்பக்கம் விரலால் அழுத்தினால்தான் மலம் இறங்குகிறது என்பார்கள். இதை வெட்கப்படாமல் டாக்டரிடம் சொல்லச் சொல்லுங்கள். எந்தச் சுவரை எவ்வளவு தைக்க வேண்டும் என்று முடிவு செய்ய இது உதவும். இறக்கத்தை 1 முதல் 4 வரை நிலைகளாகப் பிரிப்பார்கள். நீங்கள் சொல்வதைப் பார்த்தால் ஆத்தாவுக்கு 4-ம் நிலை, அல்லது அதை ஒட்டிய 3-ம் நிலை.

இந்த நிலையில் ஆபரேஷன் இல்லாத வழியே கிடையாதா என்றால், உண்டு. முதல் இரண்டு நிலைகளில் இடுப்புத்தளத் தசைப் பயிற்சியை ஒழுங்காக மூன்று நான்கு மாதம் செய்தால் பலருக்குப் பாரம் குறையும். சிறுநீரை அடக்குவது போல உள்ளே இழுத்துப் பத்து எண்ணும்வரை பிடித்து விடுவது, ஒரு வேளைக்குப் பத்துத் தடவை, நாளுக்கு மூன்று வேளை. ஆனால் முழுக்க வெளியே வந்ததைப் பயிற்சி உள்ளே இழுத்துக்கொண்டு போகாது. அடுத்த வழி பெஸ்ஸரி: சிலிக்கோனில் செய்த வளையம் அல்லது குமிழ் போன்ற ஒரு தாங்கி. உள்ளே வைத்தால் கர்ப்பப்பை மேலேயே நிற்கும். மூன்று முதல் ஆறு மாதத்துக்கு ஒரு முறை எடுத்துக் கழுவி, உள்ளே புண் இருக்கிறதா பார்த்து மறுபடி வைக்க வேண்டும். இதய நோய், பக்கவாதம் என்று மயக்க மருந்தே ஆபத்தாக இருப்பவர்களுக்கு இது பெரிய வரம். கத்தியே வேண்டாம் என்று ஆத்தா உறுதியாக இருந்தால் அவருக்கும் இதை வைத்துப் பார்க்கலாம். அப்பத்தாவுக்கு வளையம் வைத்ததை வீட்டில் எல்லோரும் மறந்துவிடுவதுதான் இதில் உள்ள பயம். பிள்ளைகள் சிங்கப்பூரிலும் சென்னையிலும் இருக்க, பெரிய வீட்டில் தனியாக இருக்கும் வயதானவர்களுக்கு இது நடக்கிறது. வருடக்கணக்கில் மறந்து கிடந்த வளையம் சதையில் பதிந்து, சிறுநீர்ப்பையிலோ மலக்குடலிலோ ஓட்டை போட்டுவிடக்கூடும். வைத்தால் காலண்டரில் குறித்து வையுங்கள்.

இனி ஆபரேஷன்கள்.

முதல் டாக்டர் சொன்னது நம் நாட்டில் பல காலமாகச் செய்துவரும் முறை. வயிற்றைத் திறக்காமல் கீழ்வழியாகவே கர்ப்பப்பையை எடுத்து, தளர்ந்த முன்சுவரையும் பின்சுவரையும் இழுத்துத் தைத்து, பாதையின் வாய்ப்பகுதியையும் உறுதிப்படுத்துவது. முதுகில் ஊசி போட்டு இடுப்புக்குக் கீழே மரத்துப்போக வைத்தே செய்துவிடலாம். வெளியே தழும்பே இருக்காது. இது பழைய ஆபரேஷன் என்பதால் மட்டமானது என்று நினைக்க வேண்டாம். நன்றாகச் செய்யப்பட்டால் உங்கள் ஆத்தா வயதுக்கு மிகப் பொருத்தமானது. நன்றாக என்று நான் சொல்வது உச்சியைக் கட்டும் அந்தப் படியைத்தான். கர்ப்பப்பையைப் பின்னால் பிடித்திருந்த நார்களையே சுருக்கி உச்சியோடு சேர்த்துத் தைக்கலாம். அல்லது இடுப்பெலும்புக்குள் உட்காரும் எலும்பின் முள் போன்ற நீட்சிக்கும் முதுகெலும்பின் அடியில் உள்ள திரிக எலும்புக்கும் நடுவே ஓடும் கெட்டியான நாரில், பெரும்பாலும் வலது பக்கம், உச்சியைத் தைத்து மாட்டலாம். முதல் முறையில் சிறுநீரகத்திலிருந்து வரும் குழாய் பக்கத்திலேயே ஓடுவதால் அது மடங்கிவிடாமல் பார்க்க வேண்டும். அதற்காகச் சிறுநீர்ப்பைக்குள் கேமரா விட்டுச் சரிபார்ப்பார்கள். இரண்டாவது முறையில் சிலருக்குச் சில வாரங்கள் பிட்டத்தில் வலி இருக்கும், பெரும்பாலும் தானே போய்விடும்.

இந்த இரண்டில் எது உசத்தி என்று அமெரிக்காவில் பெரிய ஆய்வே நடந்தது. இரண்டு வருட முடிவில் வித்தியாசம் இல்லை. ஐந்து வருடத் தொடர்ச்சி 2018-ல் வந்தது. கறாரான அளவுகோலை வைத்துப் பார்த்தால் இரண்டு முறையிலும் பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு ஏதாவது ஒரு தொய்வு திரும்பியிருந்தது. கேட்கவே பயமாக இருக்கும். ஆனால் மறுபடி சிகிச்சை எடுக்கும் அளவுக்குப் போனவர்கள் பத்தில் ஒருவர் அளவில்தான். அளவு நாடாவில் தெரியும் தொய்வு எல்லாமே அந்தப் பெண்ணுக்குத் தொந்தரவாக இருப்பதில்லை. இந்த ஆபரேஷனுக்கு ஆயுள் உத்தரவாதம் இல்லை என்பதை யாராவது உங்களுக்கு முன்கூட்டியே சொல்ல வேண்டும். அதனால் சொல்கிறேன். குறிப்பாக முன்சுவர்தான் அடிக்கடி ஏமாற்றும்.

கர்ப்பப்பையை எடுக்காமலே தூக்கிக் கட்ட முடியுமா? முடியும். மேலே சொன்ன அதே உறுதியான நாரில் கர்ப்பப்பையின் வாயைத் தைத்து மாட்டிவிடலாம். நெதர்லாந்தில் 208 பெண்களை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்குக் கீழ்வழியாகக் கர்ப்பப்பையை எடுத்தும் மறு பாதிக்கு எடுக்காமல் கட்டியும் பார்த்தார்கள். ஐந்து வருடம் கழித்து 2019-ல் வெளியான முடிவில், உச்சி மறுபடி இறங்கித் தொந்தரவு தந்ததோ மறு ஆபரேஷன் ஆனதோ, கட்டியவர்களில் 1 சதவீதம், எடுத்தவர்களில் 7.8 சதவீதம். "பிள்ளை பெத்தாச்சு, இனி அது எதுக்கு, எடுத்துடுங்க" என்பது மருத்துவக் காரணம் ஆகாது என்று நான் சொல்வது இதனால்தான். மாதவிடாய் நின்ற பிறகு மறுபடி இரத்தப்போக்கு, கர்ப்பப்பை வாயில் சந்தேகத்துக்குரிய மாற்றம், உள்சவ்வு தடித்திருப்பது, பெரிய கட்டிகள் போன்றவை இருந்தால் எடுப்பதே சரி. ஒன்றும் இல்லையென்றால் வைத்துக்கொள்வதும் ஒரு நேர்மையான தேர்வு. கர்ப்பப்பை வாய் மட்டும் நீண்டு தொங்கும் பெண்களுக்கு அந்த நீண்ட பகுதியை மட்டும் வெட்டி, பக்கத்து நார்களை முன்னால் இழுத்துத் தைக்கும் மான்செஸ்டர் ஆபரேஷனும் இருக்கிறது. 1888-லிருந்து இருந்துவரும் முறை, இப்போது மறுபடி மதிப்புப் பெற்றுவருகிறது.

இன்னும் பிள்ளை பெற வேண்டிய வயதில் அடி இறங்கியவர்களுக்கு நம் நாட்டு மருத்துவர்கள் தந்த கொடை பெரிது. மும்பையின் வி. என். ஷிரோத்கரும் பி. என். புரந்தரேயும் கர்ப்பப்பையை வயிற்று வழியாகப் பட்டை போட்டுத் தூக்கிக் கட்டும் முறைகளை வகுத்தார்கள். பிரசவமான சில வாரத்திலேயே குடம் தூக்கவும் வெட்டிய விறகைச் சுமக்கவும் போன பெண்களுக்கு இருபத்தைந்து, முப்பது வயதிலேயே இறங்கிவிடுவதை நான் கண்டிருக்கிறேன். அந்த வயதில் கர்ப்பப்பையை எடுப்பது கொடுமை. அவர்களுக்கு இந்த வழிதான், அதுவும் முடிந்தால் குடும்பம் முழுமையான பிறகு. அதுவரை பயிற்சியும் பெஸ்ஸரியும்.

இரண்டாவது டாக்டர் சொன்னதற்கு வருகிறேன். லேப்ராஸ்கோப்பி மூலம் வயிற்றில் சிறு துளைகள் போட்டு, பாதையின் உச்சியிலோ கர்ப்பப்பை வாயிலோ பாலிப்ரோப்பிலீன் வலையின் ஒரு முனையைத் தைத்து, மறுமுனையை முதுகெலும்பின் அடியில் உள்ள திரிக எலும்பின் முன்பக்கம் பொருத்துவார்கள். உச்சியைத் தாங்குவதில் இருக்கும் முறைகளிலேயே இதுதான் உறுதியானது. பாதையின் நீளமும் குறையாது. கர்ப்பப்பை எடுத்த பிறகு மறுபடி இறங்கியவர்களுக்கும், ஓடியாடி வேலை செய்யும் ஐம்பதை ஒட்டிய பெண்களுக்கும் நானே இதைப் பரிந்துரைப்பேன். ஆனால் முழு மயக்கம் வேண்டும், தலைகீழாகச் சாய்த்துப் படுக்க வைத்து அதிக நேரம் பிடிக்கும், கைதேர்ந்தவர் வேண்டும், செலவும் கூடுதல். வலை என்பது அந்நியப் பொருள். வயிற்றைத் திறந்து இதைச் செய்த காலத்துப் பெண்களை ஏழு வருடம் தொடர்ந்த ஆய்வில் சுமார் 10 சதவீதத்தினருக்கு வலை உள்ளே எங்காவது துருத்தியது தெரியவந்தது. இப்போது மெல்லிய வலைகள் வந்திருக்கின்றன என்றாலும் அந்த வாய்ப்பு பூஜ்யம் ஆகிவிடவில்லை.

தடை பற்றி நீங்கள் படித்தது பாதி உண்மை. தடைக்கு உள்ளானது கீழ்வழியாக, பெண்ணுறுப்பின் சுவருக்குள்ளேயே வலையைப் பரப்பித் தைக்கும் முறை. 2000-களில் அது வேகமாகப் பரவியது. வலை அரித்து வெளியே வருவது, தீராத வலி, உடலுறவில் கணவனுக்கும் மனைவிக்கும் வேதனை என்று புகார்கள் குவிந்தன. அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2008-லும் 2011-லும் எச்சரித்து, 2019 ஏப்ரலில் இறக்கத்துக்கான அந்த வலைகளின் விற்பனையையே நிறுத்தச் சொன்னது. ஆஸ்திரேலியா 2017-லேயே விலக்கிவிட்டது. வயிற்று வழியாக உச்சியில் மட்டும் வைக்கும் வலைக்கு அந்த அமெரிக்க உத்தரவு பொருந்தாது. இருமினால் தும்மினால் சிறுநீர் கசிவதற்குப் போடும் மெல்லிய நாடாவும் அந்த உத்தரவில் சேராது. எனவே யாராவது "வலை" என்று சொன்னால் உடனே பயப்பட வேண்டாம், உடனே தலையாட்டவும் வேண்டாம். "கீழ்வழியாகவா, வயிற்று வழியாகவா?" என்று கேளுங்கள். முதல் ஆபரேஷனுக்கே கீழ்வழியாக வலை என்றால் நான் சம்மதிக்க மாட்டேன்.

உங்களுக்கு இரண்டு டாக்டரும் சொல்லாத ஒரு வழி இருக்கிறது. பெண்ணுறுப்பின் முன்சுவரையும் பின்சுவரையும் ஒன்றோடு ஒன்று சேர்த்துத் தைத்து, பாதையையே மூடிவிடுவது. பிரெஞ்சு மருத்துவர் லெ ஃபோர் 1877-ல் விவரித்தது. கர்ப்பப்பை உள்ளே இருக்கும், திரவம் வடிவதற்கு இரண்டு பக்கமும் சிறு வழி மட்டும் விடுவார்கள். நேரம் குறைவு, இரத்த இழப்பு குறைவு, மறுபடி இறங்குவதும் மிகக் குறைவு. பத்தில் ஒன்பது பேருக்கு மேல் பலன் நிலைக்கிறது. எழுபது, எண்பது வயதில் இதயம் பலவீனமாக இருப்பவர்களுக்கு இதைவிடப் பாதுகாப்பான நிரந்தரத் தீர்வு இல்லை. ஆனால் அதற்குப் பிறகு உடலுறவு முடியாது. கர்ப்பப்பையை உள்ளே வைத்து மூடுவதால் பின்னால் அதைப் பரிசோதிப்பதும் கஷ்டம். அதனால் முன்கூட்டியே கர்ப்பப்பை வாயிலிருந்து செல் எடுத்துப் பரிசோதித்து, ஸ்கேனில் உள்சவ்வின் தடிமனையும் பார்த்து, புற்றுநோய் இல்லை என்று உறுதி செய்துகொண்டுதான் மூட வேண்டும்.

இங்கேதான் நம் ஊரில் யாரும் கேட்காத கேள்வியைக் கேட்டாக வேண்டும். அப்பச்சி இருக்கிறார் என்று எழுதியிருக்கிறீர்கள். 66 வயதில் அவர்களுக்குள் உறவு இருக்கிறதா, இருக்க வேண்டும் என்று ஆத்தா விரும்புகிறாரா என்பது அவருக்கு மட்டும்தான் தெரியும். மகள் கேட்க முடியாது, மருமகள் கேட்க முடியாது. டாக்டர்தான் கேட்க வேண்டும், உங்களை வெளியே உட்கார வைத்துவிட்டு. "இந்த வயசுல அதெல்லாம் எதுக்கு" என்று பக்கத்தில் நிற்கும் சொந்தக்காரர் பதில் சொல்வதை நான் ஒருபோதும் ஒப்புக்கொண்டதில்லை. மூடும் ஆபரேஷனுக்கு மட்டும் இல்லை, பின்சுவரை எவ்வளவு இறுக்கித் தைப்பது என்பதற்கும் இந்தப் பதில் வேண்டும். மிகவும் இறுக்கினால் பிறகு வலிக்கும். கணவரை இழந்தவர் என்றால் கேட்காமலே மூடிவிடலாம் என்று நினைப்பதும் தவறு. அவர் உடம்பு, அவர் வாயால் சம்மதம் வர வேண்டும்.

சரி, ஆபரேஷனுக்கு முன்னால் என்ன செய்வது? இப்போதைக்கு அவசரமானது அந்தப் புண். வெளியே தொங்கும் சதையில் இரத்தம் தேங்கி, உரசி வரும் புண் அது. உள்ளே தள்ளி, கிளிசரின் கலந்த மருந்தில் நனைத்த துணிச்சுருளை வைத்து, சில நாள் படுக்கையில் ஓய்வாக இருந்தால் பெரும்பாலும் ஒன்றிரண்டு வாரத்தில் ஆறிவிடும். ஈஸ்ட்ரோஜன் களிம்பை உள்ளே தடவக் கொடுப்பார்கள், மெலிந்த தோல் தடிக்கும், தையலும் பிடிக்கும். மார்பகப் புற்றுநோய் வந்தவர் என்றால் களிம்புக்கு முன் சொல்லிவிடுங்கள். ஆறாத புண்ணைக் கொஞ்சம் கிள்ளி எடுத்துப் பரிசோதிக்காமல் விடக்கூடாது. முழுக்க இறங்கியவர்களுக்குச் சிறுநீர்க் குழாய்கள் மடங்கிச் சிறுநீரகம் வீங்கியிருக்கலாம், அதனால் கிரியாட்டினின் இரத்தப் பரிசோதனையும் சிறுநீரக ஸ்கேனும் கட்டாயம்.

சர்க்கரையில் மூன்று மாத சராசரி (HbA1c) 8-க்குக் கீழே வந்த பிறகு செய்வது நல்லது. மாத்திரைச் சீட்டை ஒரு தடவை பாருங்கள். டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் போல "கிளிஃப்ளோசின்" என்று முடியும் மாத்திரை இருக்கிறதா? சிறுநீரில் சர்க்கரையை வெளியேற்றும் மாத்திரை அது. பெண்ணுறுப்பில் பூஞ்சைத் தொற்று வர வைக்கும், ஆபரேஷனுக்குக் குறைந்தது மூன்று நாள் முன்பாவது நிறுத்தி வேறு ஏற்பாடு செய்ய வேண்டும். பிரஷர் மாத்திரை எனலாப்ரில் அல்லது ராமிப்ரில் என்றால், ஆத்தாவுக்கு விடாத வறட்டு இருமல் இருக்கிறதா என்று கவனியுங்கள். இந்த மாத்திரைகளே சிலருக்கு இருமல் தரும், ஒவ்வோர் இருமலும் புதுத் தையலை உள்ளிருந்து இடிக்கும். மாற்று மாத்திரை எளிதாகக் கிடைக்கும். ஆஸ்பிரின் போன்ற இரத்தத்தை இளக்கும் மாத்திரை இருந்தால் நீங்களாக நிறுத்தாமல் டாக்டரிடம் கேளுங்கள்.

இன்னொரு விஷயம். இப்போது கசிவே இல்லை என்பதால் நிம்மதி அடைய வேண்டாம். முழுக்க இறங்கியிருக்கும்போது சிறுநீர்ப் பாதை மடங்கி இருப்பதால் கசிவு மறைந்திருக்கும். தூக்கிக் கட்டியதும் பாதை நேராகி, இருமினால் சிறுநீர் கசியத் தொடங்கும். "முன்னாடி இது இல்லையே, டாக்டர் கெடுத்துட்டார்" என்று சண்டை வருவது இதில்தான். இறங்கியதை உள்ளே தள்ளிப் பிடித்துக்கொண்டு இருமச் சொல்லி முன்கூட்டியே பார்க்கலாம். கசிந்தால் கூடவே அதற்கும் செய்யலாம், அல்லது பிறகு தேவைப்பட்டால் பார்த்துக்கொள்ளலாம். இரண்டும் சரிதான், ஆனால் தெரிந்துகொண்டு முடிவெடுக்க வேண்டும்.

உங்கள் ஆத்தாவுக்கு என் சாய்வு எது என்று கேட்டால்: புண்ணை ஆற்றி, சர்க்கரையைக் கட்டி, கர்ப்பப்பையில் வேறு கோளாறு இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, கீழ்வழி ஆபரேஷன், உச்சியைக் கட்டாயமாகக் கட்டியே. கர்ப்பப்பையை எடுத்தும் செய்யலாம், வைத்தும் செய்யலாம். இதயப் பரிசோதனையில் ஏதாவது தெரிந்து, உறவு வேண்டாம் என்று அவரே சொன்னால், மூடும் முறை. முதல் ஆபரேஷனிலேயே இந்த வயதில், சர்க்கரையோடு, வயிற்று வழியாக வலை வைக்க எனக்கு வலுவான காரணம் தெரியவில்லை. ஆனால் பாதை ஏற்கெனவே மிகவும் குட்டையாக இருப்பது போன்ற காரணம் அந்த டாக்டருக்குப் பரிசோதனையில் தெரிந்திருக்கலாம், கேட்டுப் பாருங்கள். கத்தி எதற்கு என்ற ஆத்தாவின் கேள்விக்கும் மரியாதை கொடுங்கள். முதலில் ஒரு வளையம் வைத்து இரண்டு மாதம் இருந்து பார்க்கட்டும். உள்ளே நிற்கும்போது உடம்பு எவ்வளவு லேசாக இருக்கிறது என்று தெரிந்த பிறகு, தாமே ஆபரேஷனுக்கு நாள் கேட்டு வந்தவர்கள் உண்டு. வளையமே போதும் என்று நின்றுவிட்டவர்களும் உண்டு.

ஆபரேஷன் முடிந்தால் உள்ளே துணிச்சுருளும் சிறுநீர்க் குழாயும் ஒன்றிரண்டு நாள் இருக்கும். குழாயை எடுத்த பிறகு தானாகச் சிறுநீர் போகிறதா, மிச்சம் நிற்கிறதா என்று பார்த்துத்தான் அனுப்புவார்கள். தையல் தானே கரையும், சில வாரம் லேசான கசிவும் நூல் துண்டுகளும் வரலாம். காய்ச்சல், நாற்றத்தோடு போக்கு, துணி நனையும் அளவு இரத்தம், சிறுநீர் வராமல் வயிறு உப்புவது, ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கி வலிப்பது, சிறுநீர் ஓயாமல் ஒழுகிக்கொண்டே இருப்பது, இவற்றில் எது வந்தாலும் அன்றே போக வேண்டும்.

ஆறு வாரம் கனம் தூக்கவே கூடாது, அதிக பாரத்துக்கு மூன்று மாதம். 15 லிட்டர் குடம் என்றால் 15 கிலோ என்பதை வீட்டில் எல்லோருக்கும் சொல்லுங்கள். பலகாரத்துக்கு அண்டா இறக்குவது, பேரனை இடுப்பில் தூக்குவது எல்லாம் இதில் சேர்த்தி. நம் பழைய வீடுகளில் கொல்லைப்பக்கம் குத்துக்கால் போட்டு உட்காரும் கழிவறைதான் இருக்கும். அந்த ஆறு வாரத்துக்குக் கமோடு நாற்காலி ஒன்று வாங்கி வையுங்கள், முக்கவே கூடாது, மலம் இளக இசப்கோல் கொடுக்கலாம். நடப்பது முதல் நாளிலிருந்தே நல்லது. குன்றக்குடியிலிருந்து பழனிக்குப் பாதயாத்திரை என்று நாள் குறித்து வைத்திருப்பவர்கள் கேட்பார்கள்: மூன்று மாதம் கழித்துக் கொஞ்சம் கொஞ்சமாகத் தூரத்தைக் கூட்டி, டாக்டர் ஒரு தடவை பார்த்த பிறகு நடக்கலாம், பையை மட்டும் வேறு யாராவது சுமக்கட்டும்.

ஓய்வு பற்றிப் பேசும்போது மனசு கேட்காமல் ஒன்று சொல்கிறேன். வளவு வீட்டு ஆச்சிக்கும் அடி இறங்குகிறது, அதே வீட்டில் பாத்திரம் தேய்த்துத் தண்ணீர் சுமக்கும் பெண்ணுக்கும் இறங்குகிறது. ஆபரேஷன் இரண்டு பேருக்கும் ஒன்றே. ஒருவருக்கு மூன்று மாதம் ஓய்வு கிடைக்கிறது, மற்றவர் பதினைந்தாம் நாள் வேலைக்கு வந்துவிடுகிறார், ஏனென்றால் கூலி போய்விடும். இரண்டாவது தடவை இறங்கி வருபவர் யார் என்று நான் சொல்லத் தேவையில்லை. உங்கள் வீட்டில் வேலை செய்பவருக்கு இந்தத் தொந்தரவு இருந்தால் சம்பளத்தோடு விடுப்புக் கொடுங்கள். அதுவும் சிகிச்சையில் ஒரு பங்குதான்.

எங்கே போவது என்று கேட்டிருந்தீர்கள். கீழ்வழி ஆபரேஷன்கள் சிவகங்கை, புதுக்கோட்டை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளிலும் மதுரை அரசு ராஜாஜி மருத்துவமனையிலும் செலவில்லாமல் நடக்கின்றன. தனியாரிடம் போவதானால் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டு அட்டையில், குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் வரை உள்ள அந்தத் திட்டத்தில், நீங்கள் செய்யப்போகும் குறிப்பிட்ட ஆபரேஷன் அந்த மருத்துவமனையில் சேருமா என்று சேரும் முன்பே அங்குள்ள காப்பீட்டுப் பிரிவில் கேட்டுக்கொள்ளுங்கள். கட்டடத்தைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். "உச்சியை எதில் கட்டுவீர்கள்? இந்த ஆபரேஷனை நீங்கள் அடிக்கடி செய்கிறீர்களா? மறுபடி இறங்கினால் அடுத்து என்ன வழி?" என்று மூன்றும் கேளுங்கள். எரிச்சல் படாமல் உட்கார்ந்து பதில் சொல்பவரிடம் ஆத்தாவை ஒப்படைக்கலாம். போகும்போது பழைய ஸ்கேன்கள், இரத்தப் பரிசோதனைச் சீட்டுகள், சாப்பிடும் எல்லா மாத்திரைகளின் அட்டைகளையும் ஒரே பையில் போட்டு எடுத்துப் போங்கள். காலையில் கொஞ்ச தூரம் நடந்துவிட்டுப் போகட்டும். படுத்த நிலையில் உள்ளே போய்விடும் இறக்கம், நடந்த பிறகு பரிசோதித்தால்தான் முழு அளவில் தெரியும்.